இந்த முடிவு என்னுடையதுதானா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கிளார்க்காக இருக்கிறேன். வயது 36. திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இல்லை. அம்மாவுக்கு 67 ஆகிறது, சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. அண்ணன் குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறான். ஆபீசர் புரமோஷன் பரீட்சைக்கு இரண்டு முறை சர்க்குலர் வந்தும் நான் எழுதவில்லை. தேறினால் வெளியூருக்கு, சில சமயம் வெளிமாநிலத்துக்கே போட்டுவிடுவார்கள். அம்மாவை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கூட வேலை பார்க்கும் தோழியோ, "இது உன் விருப்பமே இல்லை, உன்னை அப்படி வளர்த்துவிட்டார்கள்" என்கிறாள். இந்தச் சமயத்தில் அஞ்சல்வழியில் எம்.ஏ. தத்துவம் சேர்ந்தேன். அறவியல் தாளில் தனிமனிதத் தன்னாட்சி, அதாவது தன் வாழ்க்கையைத் தானே யோசித்து முடிவு செய்வது, பற்றிப் படித்ததிலிருந்து ராத்திரி தூக்கமில்லை. எந்த ஆசையை எடுத்து ஆராய்ந்தாலும் அது அம்மாவிடமிருந்தோ ஊரிலிருந்தோ வந்ததாகத் தெரிகிறது. ஆராய்கிற அளவுகோலும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அம்மா "நீ போ" என்றுதான் சொல்கிறாள், ஆனால் அவள் அப்படித்தான் சொல்வாள், மனசில் இருப்பது வேறு. அண்ணனைத் தொந்தரவு செய்ய முடியாது. ஆபீசராகித்தான் என்ன கண்டோம், டென்ஷன்தான். ஆனால் போன முறை சர்க்குலர் வந்த வாரம், காபி ஆறிப்போய்விட்டது என்று அம்மாவிடம் கத்திவிட்டேன். ஏன் என்று இன்னும் புரியவில்லை. என் முடிவு என்னுடையதுதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தோழி சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம், அது சுலபம். வளர்ப்பிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு விருப்பம் உங்களுடையது இல்லை என்றால், தோழியின் விருப்பமும் அவருடையது இல்லை. புரமோஷன் வாங்கி மேலே போவதுதான் வாழ்க்கை என்பதும் அவருக்கு எங்கிருந்தோ வந்ததுதானே. பள்ளிக்கூடம், டி.வி., "என் பையன் மேனேஜர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் உறவுக்காரர்கள் என்று அதற்கும் ஒரு பூர்வீகம் இருக்கும். வீட்டோடு இருப்பவள் வளர்ப்பின்படி நடக்கிறாள், வெளியே போகிறவள் யோசித்து நடக்கிறாள் என்று முடிவைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. மடத்தில் சேர்ந்து ஒழுங்குக்குக் கட்டுப்படுகிறவரும், ராணுவத்தில் சேர்ந்து உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவரும் தெரிந்தே அந்தக் கட்டுப்பாட்டை விரும்பினால் அதனால் தன்னாட்சி குறைந்தவர்கள் ஆகிவிடுவதில்லை என்று தத்துவவாதி ஜெரால்ட் டுவர்கின் வாதாடினார். 1988-ல் வந்த அவருடைய புத்தகத்தை உங்கள் பாடத்திட்டத்திலேயே பார்த்திருக்கலாம்.

சொந்தப் புத்தியைப் பயன்படுத்து என்ற ஜெர்மன் தத்துவவாதி கான்ட் தோழிக்குப் பின்னால் நிற்பதுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கும். 1784-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கான்ட் என்ன குறை சொல்கிறார் என்று பாருங்கள். எனக்காகப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம் இருக்கிறது, எனக்காக மனசாட்சி வைத்திருக்கப் பாதிரியார் இருக்கிறார், என் பத்தியத்தை முடிவு செய்ய வைத்தியர் இருக்கிறார், அப்புறம் நான் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவனைக் கேலி செய்கிறார். சோம்பலும் கோழைத்தனமும்தான் அவர் கண்ணில் குற்றம். யாரையாவது பார்த்துக்கொள்வதற்காக ஊரிலேயே தங்கிவிட்டவர்களைப் பற்றி அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால், தோழியின் நச்சரிப்புத் தாங்காமல் நீங்கள் பரீட்சை எழுதினால்தான் கான்ட் முகம் சுளிப்பார். பாதிரியார் இருந்த இடத்தில் தோழி வந்து உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

சரி, தூக்கத்தைக் கெடுக்கிற விஷயத்துக்கு வருவோம். நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தத்துவத் துறையே பல வருஷம் மாட்டிக்கொண்டிருந்தது.

1971-ல் ஹாரி ஃபிராங்ஃபர்ட் என்ற தத்துவவாதி ஒரு கட்டுரை எழுதினார். மனிதனுக்கு ஆசைகள் மட்டும் இல்லை, ஆசைகளைப் பற்றிய ஆசைகளும் இருக்கின்றன என்பது அதன் மையம். போதைக்கு அடிமையான இருவரை எடுத்துக்கொள்கிறார். இருவருக்கும் போதை வேண்டும். ஒருவன் அந்த ஆசையையே வெறுக்கிறான், அது தன்னை விட்டுத் தொலைய வேண்டும் என்று போராடுகிறான். இன்னொருவனுக்கு அந்தக் கவலையே இல்லை, எந்த ஆசை இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகிறான். முதல் ஆள் தோற்றாலும் அவனுக்குத் தன்னுடையது என்று ஒரு தரப்பு இருக்கிறது. மேலே நின்று கீழே இருக்கும் ஆசையைப் பார்த்து, "ஆமாம், இது என்னுடையது" என்று ஒப்புக்கொள்ள முடிந்தால் அது உங்களுடையது. எளிமையாகச் சொன்னால் ஃபிராங்ஃபர்ட்டின் யோசனை அதுதான்.

நான்கே வருஷத்தில், 1975-ல், கேரி வாட்சன் கேட்டார்: மேலே நிற்கும் அந்த ஆசைக்கு மட்டும் என்ன தனி அதிகாரம்? அதுவும் ஒரு ஆசைதானே. அதை ஒப்புக்கொள்ள இன்னொரு படி மேலே ஏற வேண்டாமா? அதற்கு மேலே? நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஏறிக்கொண்டிருப்பது இந்த ஏணியில்தான். அதற்கு உச்சிப்படி கிடையாது. யாருடைய கையும் படாத, வளர்ப்பின் வாசனையே இல்லாத ஓர் இடத்தில் நின்றுகொண்டு தன்னைத்தானே பரிசோதிக்க யாராலும் முடிந்ததில்லை. கான்ட்டாலும் முடிந்திருக்காது. அவரும் பக்தியான வீட்டுப் பிள்ளைதான்.

ஆனால் அப்படி ஓர் இடம் இல்லை என்பதால் ஆராய்ச்சியே வீண் என்று ஆகிவிடாது. வியன்னாவைச் சேர்ந்த தத்துவவாதி ஓட்டோ நொய்ராத் அறிவைப் பற்றிச் சொன்ன ஓர் உவமை இதற்கும் பொருந்தும். நடுக்கடலில் கப்பலைப் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது, கரைக்கு இழுத்துப் போட வழியில்லை. ஒரு பலகையைக் கழற்றும்போது மற்றப் பலகைகள் மேல் நின்றுகொள்ள வேண்டும், அப்புறம் அடுத்த பலகை. நீங்கள் எல்லாப் பலகையையும் ஒரே ராத்திரியில் கழற்றப் பார்க்கிறீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதில் உங்களுக்கு எந்த உறுத்தலும் இல்லையென்றால் அதை இப்போதைக்கு விடுங்கள். எந்தப் பலகையில் தண்ணீர் கசிகிறதோ அதைப் பாருங்கள்.

கசிகிற இடங்களை உங்கள் கடிதமே காட்டுகிறது. அம்மா மேல் உள்ள பாசம் உங்களுடையதா என்று நீங்கள் குடைந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கும் நான்கு வாக்கியங்களில்தான் தட்டுப்படுகிறது.

ஒன்று, ஆறிப்போன காபி. மெரிலின் ஃப்ரீட்மன் 1986-ல் ஃபிராங்ஃபர்ட் மாதிரியான யோசனைகளை மடக்கியது இந்த இடத்தில்தான். வீடுதான் தன் இடம் என்ற நம்பிக்கையோடு வளர்ந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். யோசித்துப் பார்த்தாலும் அவள் அதையே சரி என்கிறாள். ஆனால் அடியில் ஒரு அதிருப்தி வளர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே இருப்பதுதான் அசல் அவள், அடியில் புகைவது ஒழிக்க வேண்டிய தொல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? மேலே உட்கார்ந்திருக்கும் கொள்கையே வெளியிலிருந்து வந்து உட்கார்ந்ததாக இருக்கலாம், புகைச்சல்தான் அவளுடைய சொந்தக் குரலாக இருக்கலாம். ஆக, ஆராய்ச்சி மேலிருந்து கீழே மட்டும் போனால் போதாது, கீழிருந்து மேலேயும் போக வேண்டும். இது எனக்குச் சரியென்றே படுகிறது. தன்னை ஆராய்வது என்றால் அமைதியாக உட்கார்ந்து கொள்கைகளைப் புரட்டுவது என்று புத்தகம் படிக்கிறவர்கள் நினைத்துவிடுகிறோம். சர்க்குலர் வந்த வாரத்தில் காபிக்காகக் கத்தியதும் ஒரு சாட்சியம்தான்.

சாட்சியம் என்றுதான் சொன்னேன், தீர்ப்பு என்று சொல்லவில்லை. கோபம் வந்தது என்பதால் "ஆக, எனக்குப் போக ஆசை" என்று தாவிவிடாதீர்கள். கோபம் தோழி மேல் இருக்கலாம், அண்ணன் மேல் இருக்கலாம், புரமோஷன் என்றால் ஊர் மாற்றித்தான் தீருவோம் என்கிற ஏற்பாட்டின் மேல் இருக்கலாம். யார் மேல் என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய ஆராய்ச்சி. எனக்கு மூன்றாவது மேல் சந்தேகம் அதிகம், ஆனால் அது என் யூகம்.

இரண்டாவது, "ஆபீசராகித்தான் என்ன கண்டோம்." இதை ஜான் எல்ஸ்டர் 1983-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார், நம் ஊரில் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவோம். கிடைக்காது என்று தெரிந்ததும் ஆசை தானாகச் சுருங்கிக்கொள்கிறது, நாமும் அதை ஞானம் என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் விஷயத்தில் சோதித்துப் பார்ப்பது சுலபம். கும்பகோணம் கிளையிலேயே ஆபீசராகப் போடுகிறோம் என்று நாளைக்குக் கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள்? முதல் நிமிஷத்தில் மனசு என்ன சொல்கிறது என்று பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், உங்களுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை, அம்மாவை ஏன் காரணமாக இழுக்கிறோம் என்று யோசிக்கலாம். "உடனே எடுத்துக்கொள்வேன்" என்றால் பழம் புளிக்கவில்லை.

மூன்றாவது, "அண்ணனைத் தொந்தரவு செய்ய முடியாது." கடிதத்தில் இதற்கு மட்டும் நீங்கள் காரணமே எழுதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஏன், எதற்கு என்று பக்கம் பக்கமாகக் குடைகிறவர் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். வளர்ப்பு அதன் வேலையைக் காட்டியிருப்பது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். எதைக் கேள்வியாகவே கேட்கத் தோன்றவில்லையோ அங்கேதான் அது ஆழமாக உட்கார்ந்திருக்கும்.

தாமஸ் ஹில் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1973-ல் ஒரு கட்டுரையில் அடங்கிப்போகும் மனைவி ஒருத்தியைப் படைத்துக் காட்டினார். கணவனுக்குப் பிடித்த துணியை உடுத்துகிறாள், அவனுக்குப் பிடித்தவர்களை விருந்துக்குக் கூப்பிடுகிறாள், அவனுக்கு நல்ல வேலை கிடைத்தால் தன் நட்பையெல்லாம் உதறிவிட்டு அவனோடு வேறு ஊருக்குப் போகிறாள். யாரும் அவளை மிரட்டவில்லை. சந்தோஷமாகத்தான் செய்கிறாள். இதில் என்ன தப்பு என்று ஹில் கேட்டுக்கொள்கிறார். அவள் கொடுப்பது தப்பில்லை. தனக்கும் சமமான உரிமை இருக்கிறது என்று தெரிந்து, அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது பெருந்தன்மை. தனக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல், அல்லது தெரிந்தும் பொருட்படுத்தாமல் கொடுப்பதைத்தான் அவர் குறை சொல்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செயல்.

உங்கள் கணக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்மாவின் உடம்பு இருக்கிறது. அண்ணனின் வேலை, அண்ணியின் வசதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லாமலேயே இருக்கின்றன. உங்கள் வேலை அந்தக் கணக்கில் சேரவே இல்லை. சேர்த்துப் பார்த்து, அம்மாவுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்றால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது உங்கள் முடிவு, நல்ல முடிவாகக்கூட இருக்கலாம். சட்டமே இதில் மகன், மகள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் என்று மகன், மகள் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. அண்ணன் மேல் வழக்குப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை, பதறாதீர்கள். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டில் ஒருவர் பெயர் மட்டும் எப்படிப் பதிலானது என்று கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

நான்காவதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அம்மா "நீ போ" என்கிறார். நீங்களோ, "அவள் அப்படித்தான் சொல்வாள், மனசில் இருப்பது வேறு" என்கிறீர்கள். தோழி உங்களிடம் செய்வதும் இதையேதானே? நீங்கள் வாய் திறந்து "எனக்கு இங்கே இருக்கத்தான் விருப்பம்" என்று சொன்னால், "அது உன் விருப்பமில்லை" என்று அவர் திருத்துகிறார். உங்களுக்குக் கோபம் வருகிறது, நியாயமான கோபம். அதே திருத்தத்தை நீங்கள் 67 வயது அம்மாவிடம் செய்கிறீர்கள். அவருக்கும் சொந்த யோசனை இருக்கும். மகள் தன்னால்தான் முன்னேறவில்லை என்ற நினைப்போடு காலம் தள்ள வேண்டாம் என்று அவர் நிஜமாகவே நினைத்திருக்கலாம். தனியாகச் சமாளிக்க முடியும் என்ற தைரியம் இருக்கலாம். அல்லது நீங்கள் சொல்வதுபோல வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம், நம் அம்மாக்களைப் பற்றி எனக்கும் தெரியும். ஆனால் அதை ஊகித்துக்கொண்டே இருப்பதைவிடக் கேட்டுவிடுவது மரியாதை. எம்.ஏ. படிக்காதவருக்கும் தன்னாட்சி உண்டு. ஆசைகளை அடுக்கடுக்காகப் பிரித்து ஆராயாமலே, தான் செய்வது ஏன் என்று கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிற ஆட்கள் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஆண்ட்ரியா வெஸ்ட்லண்ட் என்பவர் இருபது வருஷத்துக்கு முன் இதைத்தான் ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஒருவருடைய முடிவு அவருடையதா என்று அறிய அவர் மனசுக்குள் புகுந்து தேட வேண்டியதில்லை. "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று யாராவது நியாயமாகக் கேட்டால் அந்தக் கேள்விக்குக் காது கொடுத்து, தன் தரப்பில் நின்று பதில் சொல்லத் தயாராக இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். அடுத்தவருக்காக வாழ்கிறவரும் இந்தச் சோதனையில் தேறலாம். "அதெல்லாம் அப்படித்தான்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாதவர் தேற மாட்டார். இந்தச் சோதனையில் குறை கண்டுபிடிப்பவர்கள் உண்டு. கேள்வி கேட்பவருக்கு என்ன தகுதி, வாயாடத் தெரியாதவர் கதி என்ன என்றெல்லாம் கேட்கலாம். ஆனாலும் உங்களுக்கு இது ஒரு பெரிய உபகாரம் செய்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகச் செய்துகொண்டிருந்த வேலையைப் பகலில், ஆட்களோடு பேசிச் செய்யலாம் என்று ஆகிவிடுகிறது. அம்மா விஷயத்தில் இந்தச் சோதனையை வைத்தால் நீங்கள் தாராளமாகத் தேறுவீர்கள் என்று நினைக்கிறேன். அண்ணன் விஷயத்தில் இன்றைக்குத் தேற மாட்டீர்கள்.

இன்னொன்று. தன்னாட்சி முழுக்க மனசுக்குள் நடக்கிற சமாசாரம் என்பதுபோலப் பாடப்புத்தகங்கள் எழுதிவிடும். ஜோசப் ராஸ் 1986-ல் குழிக்குள் விழுந்துவிட்ட ஒருவனைக் காட்டினார். அவனும் தேர்வு செய்துகொண்டுதான் இருக்கிறான்: இப்போது சாப்பிடலாமா அப்புறமா, இடது காதைச் சொறியலாமா வேண்டாமா என்று. எவ்வளவு ஆழமாக யோசித்தாலும் அவன் வாழ்க்கை அவன் கையில் இல்லை, ஏனென்றால் தேர்வு செய்வதற்கு உருப்படியாக ஒன்றுமே இல்லை. நீங்கள் குழியில் இல்லை. ஆனால் "அம்மாவோடு இங்கே" அல்லது "அம்மா இல்லாமல் வெளிமாநிலம்" என்று இரண்டே வழியை வைத்துக்கொண்டு மனசைக் குடைகிறீர்கள். பரீட்சை எழுதிவிட்டு அம்மாவின் உடல்நிலையைக் காட்டிப் பக்கத்து மாவட்டம் கேட்கலாம், சங்கத்து ஆட்களிடம் இதுவரை யாருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். அம்மா உங்களோடு வரலாம். சில மாதம் அண்ணன் வீட்டில் இருக்கலாம். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்து, சம்பளத்தை அண்ணனும் நீங்களும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். இவற்றில் பல நடக்காமல் போகலாம். நடக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அதன் பிறகு "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொன்னால், அந்த முடிவை யார் வந்து கேட்டாலும் உங்களால் தாங்கிப் பிடிக்க முடியும். அப்போது தோழி என்ன சொன்னாலும் காபி ஆறாது.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. தூக்கம் இப்படித் தொடர்ந்து கெட்டு, யோசனையை நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை என்றால் அது தத்துவப் பிரச்சினை இல்லை. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

அடுத்த சர்க்குலர் வருவதற்குள் அண்ணனிடம் பேசிவிடுங்கள். நல்ல நாள், தீபாவளிக் கூட்டத்தில் வேண்டாம், தனியாக. குறை சொல்கிற தொனியில் ஆரம்பித்தால் பேச்சு பழைய கணக்குகளுக்குப் போய்விடும். அம்மாவுக்கு மாசம் என்ன செலவு, எந்த எந்த நாளில் ஆஸ்பத்திரி, எந்த வேளைக்கு என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, "எனக்குப் புரமோஷனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, இதில் நீ எதை எடுத்துக்கொள்வாய்?" என்று கேளுங்கள். அவர் முடியாது என்று சொல்லலாம். சொன்னால் அது அவருடைய பதில், அவர் வாயால் வந்த பதில். அதற்கு முன்னால் அம்மாவிடம் உட்காருங்கள். "நீ போ" என்று அவர் ஆரம்பித்ததும் பேச்சை மாற்றாமல், "நான் போய்விட்டால் நீ எங்கே இருப்பாய், ராத்திரி யார் துணை?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அவர் இதையெல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.